தமிழ் தெரியாத அத்தான்

கொலுசுச் சத்தம் கேட்டால் அத்தான் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுவார். வாக்கியம் பாதியிலேயே நிற்கும். "நாளைக்கு அந்தப் பால்காரர்கிட்ட…" என்று அக்காவிடம் எதையோ சொல்ல ஆரம்பித்திருப்பார். கொல்லையிலிருந்து பாப்பா ஓடிவருவது காதில் விழுந்ததும் வாயை மூடிக்கொள்வார். பால்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவள் தூங்கிய பிறகுதான் அக்காவுக்குத் தெரியவரும். சில நாள் தெரியாமலே போய்விடும்.

பாப்பா அவருக்கு ஒரே மகள். அவளைப் பொறுத்தவரை அவள் அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. பிறந்த அன்றிலிருந்து அவளிடம் இங்கிலீஷில் மட்டும்தான் பேசினார். அவள் காதுபட வேறு யாரிடமும் தமிழில் ஒரு சொல் பேசியதில்லை. தெருவில் யாராவது, "ஒங்க அப்பா நம்ம ஆளுதான்டி, நல்லாத் தமிழ் பேசுவாரு" என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். சிரித்துக்கொண்டு ஓடிவந்துவிடுவாள்.

நான் அரிமளத்திலிருந்து ஆசிரியப் பயிற்சிக்காகப் புதுக்கோட்டைக்கு வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்த காலம் அது. அத்தான் எங்கள் பயிற்சிப் பள்ளியில் இங்கிலீஷ் போதனாமுறை எடுத்தார். துணிப்பை ஒன்றோடு வகுப்புக்குள் வருவார். அதிலிருந்து ஒரு பூட்டு, ஒரு கத்திரிக்காய், ஒற்றைச் செருப்பு என்று எடுத்து மேசையில் வைப்பார். பூட்டைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் அதன் பெயரைச் சொல்லுவார், திறப்பார், பூட்டுவார், மறுபடி சொல்லுவார். ஒரு நாள் என் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து கேட்டே விட்டாள்.

"சார், லாக்குன்னா பூட்டுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டா முடிஞ்சுபோச்சே?"

"முடிஞ்சுதாம்மா போகும். அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்குப் பூட்டு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். லாக்கு தெரியாது."

பிள்ளைகள் தப்பாகப் பேசினால் திருத்தாதீர்கள் என்பார். சரியானதை அவர்கள் காதில் திரும்பத் திரும்பப் போடுங்கள், காது பார்த்துக்கொள்ளும் என்பார். ஒரு கோடை விடுமுறைக்கு வடக்கே போய் மொழியியல் வகுப்பில் இருந்துவிட்டு வந்திருந்தார். மொழியியல் என்ற சொல்லே அப்போது எங்களுக்குப் புதிது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுவார். "மொத 'ப'வும் ரெண்டாவது 'ப'வும் ஒண்ணா? விரலுக்குத் தெரியுதா?" தெரிந்தது. இத்தனை வருஷம் பேசிய சொல்லுக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் செய்து காட்டினேன். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் பூனா வரைக்கும் போனாராக்கும்" என்றாள். சொன்னாளே தவிர, முகத்தில் பெருமை இருந்தது.

அவர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தார். ஒரு குழந்தை இரண்டாவது மொழியை எப்படிக் கற்கிறது, அதைப் பார்த்துப் பள்ளிக்கூடங்கள் எப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது விஷயம். அதற்காகத்தான் வீட்டில் அந்த விதி. பாப்பா வயிற்றில் இருக்கும்போதே அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறார். "அஞ்சு வயசு வரைக்குந்தான். விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்கு நானே அவகிட்டத் தமிழ்ல பேசுறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க." அக்கா எட்டாவது வரை படித்தவள். சரி என்று சொல்லிவிட்டாள். "எம்புள்ள தொரசாணி மாதிரி பேசும்ல" என்று அரிமளம் பூராவும் சொல்லிவைத்தாள்.

ஒரு விதியை வைத்துக்கொண்டால் அத்தானுக்கு அதை மீறத் தெரியாது. அவர் சுபாவமே அதுதான்.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் கம்பும் கடலையும் போடுகிற குடும்பம் அவருடையது. அந்த வீட்டிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானமாக இருந்தது. முதல் நாள் வகுப்பில் புரொபசர் ஏன் தாமதமாக வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அத்தான் எழுந்து, "எஸ் சார்" என்றிருக்கிறார். உன் பெயர் என்ன என்று கேட்டதற்கும் "எஸ் சார்". "சிரிப்பு அடங்குறதுக்கு ரொம்ப நேரமாச்சு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் காது மடல் சிவந்தது. இங்கிலீஷில் இரண்டு முறை தோற்றார். அதன்பிறகு ஒரு வருஷம் தமிழே பேசுவதில்லை என்று முடிவு செய்தார். ஹாஸ்டல் சமையல்காரரிடம்கூட இங்கிலீஷில்தான் ரசம் கேட்பார். எல்லாரும் கேலி செய்தார்கள். ஒரு வருஷமும் அப்படியே இருந்து காட்டினார்.

"நான் பட்டது ஒரு புள்ளையும் படக்கூடாது. அவ்வளவுதான்" என்பார்.

பாப்பா பேச ஆரம்பித்தபோது இரண்டிலும் பேசினாள். அவர் முகத்தைப் பார்த்தால் இங்கிலீஷ் வரும், எங்கள் பக்கம் திரும்பினால் தமிழ் வரும். எதையும் மாற்றிப் போடமாட்டாள். அவருடைய பேராசிரியர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கதர்ச் சட்டை போட்ட பெரியவர். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவளோடு இங்கிலீஷில் காக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் அவள் திரும்பி, "அம்மா, இந்தத் தாத்தாவுக்குக் காபி வேணுமாம்" என்றாள். அவர் காபி கேட்கவே இல்லை. பெரியவர் கைதட்டிச் சிரித்தார். "இவளுக்கு எது தாய்மொழின்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டும் சமம்" என்றார். அன்றைக்கு அத்தான் வாசலில் நடந்துகொண்டே இருந்தார், உட்காரவே இல்லை.

வீட்டில் அவள்தான் துபாஷி. "எண்ணெய் தீந்துபோச்சுன்னு சொல்லுடி." அவள் சொல்லுவாள். அவர் பதில் சொல்லுவார். "வாரப்ப வாங்கிட்டு வாராங்களாம்." ஒரு தடவை அக்கா உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பி நின்றாள். அத்தான் ஆராய்ச்சிக் குறிப்பு அட்டைகளில் எதையோ எழுதிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒங்க அப்பாவுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கான்னு கேளுடி!" பாப்பா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவரிடம் இங்கிலீஷில், "அம்மாவுக்குப் பசிக்குதாம்" என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைக்கு ஓடினேன். அத்தானும் சிரித்தார். அக்காவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பிறகு நான் சொன்னபோது அவளும் சிரித்தாள், ஆனால் எங்களைவிடத் தாமதமாக. அந்த வீட்டில் அக்கா எப்போதும் தாமதமாகத்தான் சிரித்தாள்.

நாலு வயது ஆனபோது பாப்பாவுக்கு அப்பாமேல் இரக்கம் வந்துவிட்டது. பாவம், இவ்வளவு பெரிய ஆளுக்குத் தமிழ் தெரியவில்லையே. அவரைத் தரையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். வேப்பிலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே காட்டுவாள். "எலை. சொல்லுங்க டாடி. எ… லை." அவர் வேண்டுமென்றே, "யலே" என்பார். அவள் கோபிக்கமாட்டாள். இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகச் சொல்லுவாள். கஷ்டமான சொல்லை விட்டுவிட்டுச் சுலபமான சொல்லாகப் பார்த்துப் பொறுக்குவாள். "பாத்தியா, பாத்தியா," என்று அத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும்போது என்னிடம் சொல்லுவார். "யாரு சொல்லிக்குடுத்தா அவளுக்கு? எங்க ஆளுங்களுக்கு ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்தும் இது வர மாட்டேங்குது." அந்தப் பாடங்களுக்கென்று ஆராய்ச்சியில் தனி அத்தியாயமே வைத்தார். தினமும் சாயங்காலம் அவர் கொச்சைத் தமிழ் கற்றுக்கொண்டார். இலக்கணம் கரைத்துக் குடித்த மனிதர், "நான் சோறு வேணும் நீ" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் பொறுமையாகத் திருத்துவாள்.

எனக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருக்கும், ஒரு மாதிரி பயமாகவும் இருக்கும்.

அவருடைய அய்யா ஒரு நாள் ஊரிலிருந்து வந்தார். தோளில் கடலை மூட்டை. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து உட்கார்ந்தவர், "மழை இல்லப்பா. கெணத்துல தண்ணி கீழ போயிருச்சு" என்று மகனைப் பார்த்து ஆரம்பித்தார். பாப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அத்தான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வாருங்கள் என்று கண்ணைக் காட்டினார். பெரியவருக்குப் புரியவில்லை. பாப்பா தாத்தாவின் முழங்காலைத் தட்டினாள்.

"தாத்தா, எங்க டாடிக்குத் தமிழ் தெரியாது. எங்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்லுறேன்."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மகனோடு தெருமுனை வரை போனார். நானும் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனேன்.

"ஒனக்கு இங்கிலீசு வரலைன்னு நீ அழுதத நாந்தான் பாத்தேன்" என்றார். "காட்டுல கம்புக்கொல்லைக்குள்ள ஒக்காந்து அழுத. யாருக்கும் சொல்லல நான். அதுக்கு இந்தப் பச்சப்புள்ள என்னடா செஞ்சுச்சு?"

"அவ நல்லா இருக்கா அய்யா. இன்னும் கொஞ்ச மாசம்."

"நான் பெத்த மயன்கிட்டப் பேச நடுவுல ஒரு ஆளா?"

பெரியவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பாப்பாவிடம் கடலையை உரித்துக் கொடுத்துவிட்டு, மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடமே சொன்னார். அவள் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். கிணறு என்பதற்குச் சொல் தெரியாமல் கையை அகல விரித்துக் காட்டினாள்.

அந்த வருஷம் அக்கா விஜயதசமிக்காகக் காத்திருந்தாள். புதுப் பாவாடை தைத்தாகிவிட்டது. "மொதல்ல அவகிட்ட என்ன பேசப் போறீங்க?" என்று பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போன நேரத்தில் கேட்பாள்.

"அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். பயந்துரக் கூடாதுல்ல."

"சாப்புட்டியான்னு கேளுங்க. அது போதும்."

ஆவணி மாதத்தில் ஒரு காலை பாப்பா தலை வலிக்கிறது என்று எழுந்தாள். சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக் காய்ச்சல் என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு வேளை வீட்டுக்கே போகாமல் பார்த்தார். அவர்கள் குறை வைக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அவள் அலறினாள் என்று கண்மேல் ஈரத்துணி போட்டு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை கொஞ்சம் தெளிந்தாற்போல் இருந்தது. கண்மேல் துணியோடே அக்காவிடம் தண்ணீர் கேட்டாள். அத்தான் கட்டிலோரம் மண்டியிட்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில் தலை இன்னும் வலிக்கிறதா என்று கேட்டார்.

பாப்பா நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, டாடி என்ன சொல்றாங்க? எனக்குப் புரியல" என்றாள்.

அவர் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்லிப் பார்த்தார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "புரியல, புரியல" என்று தலையை ஆட்டினாள். ஆட்டினால் வலித்தது.

அக்கா அவரைப் பார்த்தாள். "தமிழ்ல பேசுங்க. இன்னும் என்னத்துக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

அத்தான் குனிந்தார். அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவர் ஊர்ப் பேச்சில், அவர் ஆத்தா அவரிடம் பேசியிருக்கக்கூடிய பேச்சில் சொன்னார்.

"தங்கம், அப்பாடா. அப்பா இங்கிட்டுத்தான் இருக்கேன். பயப்படாத ஆத்தா. எல்லாம் சரியாப் போகும்."

பாப்பா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாரும்மா இது?"

"அப்பாதான்டி கண்ணு."

"இல்ல. டாடிக்குத் தமிழ் தெரியாது. டாடியக் கூப்புடும்மா."

தமிழில் பேசினால் அவளுக்கு ஆள் தெரியவில்லை. இங்கிலீஷில் பேசினால் பேச்சு தெரியவில்லை. அத்தான் எழுந்து சுவரோரம் போய் நின்றார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். அக்கா என்னென்னவோ சொல்லிச் சமாதானம் செய்தாள். அவள் டாடி, டாடி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே.

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடி மண்டியிட்டார்.

"பாப்பா," என்றார். "தண்ணி… வேணும்… நீ?"

அவள் அழுகை நின்றது. உலர்ந்த உதடு அசைந்தது.

"அப்படி இல்ல டாடி. தண்ணி வேணுமான்னு கேக்கணும்."

"வேணு… மா?"

"ம்." கை தடவிக்கொண்டு வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்தக் கொச்சையில்தான் அவளோடு பேசினார். தப்புத் தப்பாக, திக்கித் திக்கி. அவர் எவ்வளவு தப்பாகப் பேசினாரோ அவ்வளவு அமைதியாக அவள் கிடந்தாள். அதிர்ச்சியில் இவருக்கு நாக்குக் குழறிவிட்டது என்று நினைத்து ஒரு நர்ஸ் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் திருத்துவது வர வரக் குறைந்தது. மறுநாள் உச்சிவேளைக்கு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "ரெண்டும் சமம்னு எழுதிவச்சிருக்கேம்மா."

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் அவர்கள் காட்டிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் மண்ணில் வைத்தார்கள். அவருடைய அய்யா, "வாய விட்டு அழுடா, அழுதுருடா" என்று அவர் முதுகில் கை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்ததாக அங்கே போன ஆண்கள் சொன்னார்கள். அவர் அழவில்லையாம். எந்தப் பேச்சில் அழுவது என்று தெரியாமல் நின்றிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில மாசம் கழித்துப் பேராசிரியர் வந்தார். நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "எழுதி முடிச்சிடலாமே. வேலை பெரும்பாலும் ஆயிருச்சே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"முடிஞ்சிருச்சு சார்" என்றார் அத்தான். அட்டைகளைக் கட்டி அவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டார். வேறு யாருக்காவது உபயோகப்படட்டும் என்றார். பயிற்சிப் பள்ளியில் தன்னைக் கணக்கு வகுப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் அவர் இப்போது எப்போது வேண்டுமானாலும் தமிழ் பேசலாம். ஆனால் பேசுவதற்கு அவருக்கும் அக்காவுக்கும் எதுவும் இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் சாப்பிடுவதை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு வேலை கிடைத்து ஊருக்குக் கிளம்பவிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் தூணில் சாய்ந்திருந்தார். நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தலை நிமிராமல் கேட்டாள்.

"அவ எங்கிட்டப் பேசுனது அம்புட்டும் ஒங்களுக்குப் புரிஞ்சுச்சு. ஒங்ககிட்டப் பேசுனது எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க முழுசா வளத்தீங்க. நான் பாதிப் புள்ளையத்தான் வளத்திருக்கேன். மிச்சத்தச் சொல்லுங்க எனக்கு."

அத்தான் சொல்ல ஆரம்பித்தார். காக்காயைப் பற்றி அவள் சொன்னது, நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு வைத்த பெயர். ஒவ்வொன்றையும் அவள் குரலில், அவள் இழுக்கிற மாதிரி இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பிறகு தமிழில் சொன்னார். அக்கா இடையில் ஒரு தடவை சிரித்தாள். "இதையா அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்க ரெண்டு பேரும்?" என்றாள். வெயில் முற்றத்தில் பாதி ஏறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னயப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காளா?"

அவர் பேச்சை நிறுத்தினார்.

"சும்மா சொல்லுங்க."

"கேட்டா. ஒரு தடவை. அம்மா ஏன் ஒங்ககிட்டப் பேசவே மாட்டேங்கிறாங்க, அம்மாவுக்கு ஒங்களப் புடிக்காதான்னு கேட்டா."

அக்காவின் கை நின்றுவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புடிக்கும்னு சொன்னேன்."

"நம்புனாளா?"

அத்தானுக்கு அக்காவிடம் பொய் சொல்ல வராது. அவர் தரையைப் பார்த்தார். அக்கா அரிவாள்மனையை மடக்கித் தள்ளி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் அவர் தோளில் தோள் படும்படி உட்கார்ந்துகொண்டாள்.